அத்தாவுக்கு வைக்காத பரீட்சை

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குச் சிதம்பரத்திலிருந்து கிளம்பும் கடலூர் பஸ்ஸில் ஹிதாயத்துல்லா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் தொப்பி. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு நூலை நகத்தால் கிள்ளிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அவருடைய மகள் அம்ரீன் நோட்டைப் பிரித்து, இன்றைக்கு யார் யாரை ஆழப் பக்கம் கூட்டிப் போவது என்று பெயர்களுக்கு நேரே புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கடலூர் மஞ்சக்குப்பத்து நீச்சல் குளத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கி அது பத்தாவது நாள்.

இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்திருந்தார். வந்த முதல் வாரம் மனைவி அஜீசுன்னிசாவின் சமையலறையில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். இரண்டாவது வாரம் ரசத்துக்குப் புளி கரைக்கிற அளவைத் திருத்தினார். மூன்றாவது வாரம் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தி, மகள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குளத்தில் கரைக்காவல் பார்த்துக்கொண்டிருந்த அருள்முருகன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான்.

"ஒங்க அத்தா கப்பல்ல இருந்தவருதானே? ஒரு மாசத்துக்கு வந்து நிக்கச் சொல்லேம்மா" என்றார் குளத்தின் சொந்தக்காரர் கோவிந்தசாமி.

அம்ரீன் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டாள். ஹிதாயத்துல்லா சோற்றைப் பிசைந்தார்.

"நிக்கணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான் அத்தா."

"நிப்பேன்."

மறுநாள் தானே கடைக்குப் போய்த் தொப்பியும் விசிலும் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் மறுபடியும் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். அம்ரீன் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக அவள் இந்தச் சனிக்கிழமை பலமுறை தன்னையே நொந்துகொள்ளப் போகிறாள்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"இன்னிக்கி என்னா பாடம்?"

"ஆழப் பக்கம் அத்தா. இன்னிக்கிதான் முதல் தடவ."

"எவ்ளோ ஆழம் அது?"

"ஏழடி."

"கப்பலுக்குக் கீழ நாலாயிரம் மீட்டர் இருக்கும். ஏழடி எல்லாம் ஒரு ஆழமா?" என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அம்ரீனுக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியில் படிக்கும்போது நீச்சல் கற்றுக்கொண்டு, பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, ஒன்றரை வருஷமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் பிள்ளைகள், சாயங்காலம் பெண்கள். தனக்கு இந்த வேலைக்குப் போதிய திறமை இருக்கிறதா என்று அவளுக்குத் தினமும் ஒருமுறையாவது சந்தேகம் வந்துவிடும். அதனாலேயே எதையும் நினைவில் விடாமல் நோட்டில் எழுதுவாள். ஒருவருக்கு ஒரு வரி. மூச்சு, மிதப்பு, உதைப்பு, பயம் என்று நான்கு கட்டம்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவள் அப்படியே தண்ணீரில் இறக்குவதில்லை. ஏணி இல்லாத பக்கத்தில் குதித்து, குறுக்கே ஒருமுறை போய்த் திரும்பி, இருபது எண்ணும்வரை நின்ற இடத்தில் மிதக்க வேண்டும். கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தியவர்களுக்கு இது அவமானமாகத் தெரியும். கீரப்பாளையத்தில் பிறந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்ட ஸ்ரீமதி, சாயங்கால வகுப்பில் சேர்ந்த அன்று, "நான் வாய்க்கால்லயே பொறந்தவ, என்னைய டெஸ்ட் பண்றியா?" என்று குதித்தாள். அரை சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள். வாய்க்காலில் இடுப்பளவுதான் தண்ணீராம்.

அம்ரீன் சோதிக்காமல் விட்டது இதுவரை ஒரே ஓர் ஆளைத்தான்.

*

குளம் பெரியதல்ல. ஒரு முனையில் மூன்றடி ஆழம்; அங்கிருந்து சரிந்து மறுமுனையில் ஏழடி. ஒன்பது நாளும் பிள்ளைகள் மூன்றடிப் பக்கத்திலேயே இருந்தார்கள். தடுமாறினால் காலை ஊன்றி எழுந்துகொள்வார்கள். கரையில் நிற்பவருக்கு விசில் ஊதுவதைத் தவிர வேலை இல்லை.

ஆழப் பக்கம் அப்படியல்ல. அம்ரீன் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குறுக்கே போவாள். அந்த நேரத்தில் மற்றப் பதினோரு பேர் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வழுக்கி விழுந்தால் கரையில் நிற்பவர் கம்பை நீட்ட வேண்டும். கம்பு எட்டவில்லையென்றால் குதிக்க வேண்டும். கரையில் ஆள் வைப்பதே அந்த இரண்டாவது காரியத்துக்காகத்தான்.

ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. தகரக் கொட்டகைக்குக் கீழே தாய்மார்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேப்டன் தாத்தா, குட் மார்னிங்!" என்றாள் காயத்ரி. எட்டு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்து பாதி முளைத்திருந்தன.

"குட் மார்னிங், குட் மார்னிங்."

கேப்டன் என்று முதல்நாள் கூப்பிட்டதும் அந்தப் பெண்தான். ஹிதாயத்துல்லா அதைத் திருத்தவில்லை.

முதலில் காலை உதைக்கும் பயிற்சி. பன்னிரண்டு பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதைத்தார்கள். "முட்டிய மடக்காத... தொடையிலேந்து... காயத்ரி, நீ சைக்கிள் ஓட்டல" என்று அம்ரீன் தண்ணீருக்குள் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஹிதாயத்துல்லா கம்போடு அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.

காயத்ரி பலமாக ஓர் உதை விட்டாள். தண்ணீர் எழுந்து அவர் முகத்தில் அறைந்தது.

அவர் கம்பைக் கீழே போட்டார். வாயை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளாலும் நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தை வழித்தார். ஒருமுறை, இன்னொருமுறை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அம்ரீன் சிரிக்கவில்லை.

அவளுடைய நோட்டில் பயம் என்ற கட்டத்துக்குக் கீழே அவள் அடிக்கடி எழுதுகிற குறிப்பு ஒன்று உண்டு: முகத்தில் தண்ணீர் பட்டால் இரண்டு கையாலும் துடைக்கிறார். நீந்துகிறவர்கள் துடைப்பதில்லை. கண்ணை இரண்டுமுறை சிமிட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். கையை முகத்துக்குக் கொண்டுபோனால் மூழ்கிவிடுவோம் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும்.

ஒரு குறிப்பை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"அத்தா, செத்த இப்படி ஒக்காந்து காலத் தண்ணியில வைங்களேன். வெயில் சுடுது."

"பேண்டு நனைஞ்சிடும்மா."

"அந்த மெதவைய எட்டி எடுத்துக் குடுங்க, அதோ."

மிதவை விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் கிடந்தது. குனிந்தால் கைக்கு வரும். அவர் குனியவில்லை. கம்பை எடுத்து, நான்கடி பின்னால் நின்று, மெதுவாக இழுத்து வந்தார்.

அம்ரீனுக்கு ஒன்பது நாட்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர் எப்போதும் சுவர் ஓரமாக நடந்தது. ஏணியைக் கடக்கும்போது அதன் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே போனது. அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அதன் பொருளைத்தான் படிக்கவில்லை.

*

"பசங்களா, இன்னிக்கும் இங்கயேதான். ஆழப் பக்கம் இன்னிக்கி இல்ல" என்றாள்.

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "மிஸ்!" என்றார்கள். கொட்டகையிலிருந்து காயத்ரியின் அம்மா வெண்மதி எழுந்து வந்தாள். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவள் முகத்தில் ஆபீஸ் கோப்பின் கடுகடுப்பு நிற்கும்.

"என்னாங்க இது? இன்னிக்கி ஆழம்னு சொன்னீங்கன்னுதான் இவங்க அப்பா வேற வீடியோ எடுக்கச் சொல்லியிருக்காரு. திங்கக்கிழம நாங்க ஊருக்குப் போறோம்."

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க."

"ஏன்? என் பொண்ணு மெதக்கறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெதக்கறா."

"அப்புறம்?"

சத்தம் கேட்டு கோவிந்தசாமி ஆபீஸ் அறையிலிருந்து பல் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னம்மா பிரச்சின?"

"ஒண்ணுமில்ல சார்."

"கரையில ஆள் இல்லாம இருந்தா யோசிக்கலாம். சார்தான் நிக்கறாரே."

"அதானே? நான் இருக்கேன்ல?" என்றார் ஹிதாயத்துல்லா. கம்பைத் தரையில் ஊன்றினார். "கூட்டிட்டுப் போம்மா. புள்ளைங்க ஆசப்படுது."

அம்ரீன் விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அத்தா, ஒரு நிமிஷம் ஆபீசுக்கு வாங்க. பேசணும்."

"எதுக்கு? எதா இருந்தாலும் இங்கயே சொல்லு."

அவர் சத்தமாகவே சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்ரீன் அவர் கண்களைப் பார்த்தாள். அவர் அவளுடைய தலைக்கு மேலே எங்கோ பார்த்தார்.

"சார், அத்தா இன்னும் டெஸ்ட் குடுக்கல" என்றாள் கோவிந்தசாமியிடம்.

சொன்ன பிறகுதான் அது வாயிலிருந்து வந்துவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது.

கோவிந்தசாமி சிரித்துவிட்டார். "கப்பல்காரருக்கே டெஸ்டா?"

"ஏன் சார், வைக்கட்டுமே!" கொட்டகையிலிருந்து ஸ்ரீமதி குரல் கொடுத்தாள். அவளுடைய பையனும் காலை வகுப்பில்தான் இருந்தான். "என்னைய மட்டும் குதிக்க வச்சித் தண்ணி குடிக்க விட்டாங்கள்ல? அத்தான்னா ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?"

தாய்மார்கள் சிரித்தார்கள். பகைமை இல்லாத, விடுமுறைக் காலச் சிரிப்பு.

"அதுவும் சரிதான். சார், ஒரு குதி குதிச்சிக் காட்டிடுங்க. புள்ளைங்களும் பாக்கட்டும்" என்றார் கோவிந்தசாமி.

"கேப்டன் தாத்தா! கேப்டன் தாத்தா!" பிள்ளைகள் கை தட்டத் தொடங்கினார்கள்.

ஹிதாயத்துல்லா தொப்பியைக் கழற்றினார். விசிலைக் கழற்றினார். கடிகாரத்தைக் கழற்றி, விசிலை அதன் வளையத்துக்குள் வைத்து, இரண்டையும் தொப்பிக்குள் போட்டு நாற்காலியில் வைத்தார். சட்டையை மடித்தார். கப்பலில் துணி மடிக்கிற மடிப்பு, கையளவு வந்துவிடும். பனியனோடு நடந்து ஏழடிப் பக்கத்தின் விளிம்பில் போய் நின்றார்.

அம்ரீன் அதற்குள் நீந்தி அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாள். கீழிருந்து பார்த்தபோது அவருடைய கால்விரல்கள் சிமெண்ட் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தது தெரிந்தது. கண்களை மூடிக்கொண்டார். கன்னங்கள் உப்பின.

அவர் பின்வாங்கப் போவதில்லை. குதித்துவிடுவார்.

"குதிக்காதீங்க அத்தா."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் தட்டிக்கொண்டிருந்து அதுவும் நிறுத்தியது.

"டெஸ்ட் வைக்காம ஒங்கள இங்க நிக்க வச்சது நான்தான். தப்பு என்னுது. குதிக்காதீங்க."

அவர் கண்ணைத் திறந்தார். மூச்சை விட்டார். இன்றைக்கு மீன் இல்லை, பருப்புதான் என்று மாலுமிகளிடம் சொல்லிப் பழகிய குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாது."



"அப்ப நீங்க கேப்டன் இல்லியா?" என்றாள் காயத்ரி.

"இல்லம்மா. சமையக்காரன்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து வெளியே போனார்.

வெண்மதி காயத்ரியைத் தண்ணீரிலிருந்து தூக்கித் துண்டால் சுற்றினாள். பிள்ளை அவள் இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் கீழே இறக்கவில்லை.

"ஒம்பது நாளு" என்றாள் அம்ரீனிடம். "ஒம்பது நாளா புள்ளைய விட்டுட்டு நான் போனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒங்களத்தான் நம்புனேன், அவர இல்ல."

ஸ்ரீமதி தன் பையனின் செருப்பைத் தேடுவதுபோல நாற்காலிக்கு அடியில் குனிந்திருந்தாள்.

தாய்மார்கள் போன பிறகு கோவிந்தசாமி கேட்டார். "எல்லாரையும் கேப்பியேம்மா. இவர கேக்கலியா?"

"கேக்கல சார்."

"ஏன்?"

"அத்தாவ எப்படிக் கேக்கறது?"

அவர் பல் குத்திய குச்சியை எறிந்தார். "நானுந்தான் கேக்கல. ஆனா பேரு ஒன்னுதுதான் கெடும், இல்லன்னா குளத்துது. நடந்தத எழுதிக் குடுத்துட்டுப் போ. சாயங்கால வகுப்பு இன்னிக்கி வேணாம். திங்கக்கிழம நீ வரணுமா வேணாமான்னு ராத்திரிக்குள்ள போன் பண்றேன்."

*

எழுதிக் கொடுக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

'கரைக்காவலருக்கு நீச்சல் தெரியாததால் வகுப்பு நிறுத்தப்பட்டது' என்று முதலில் எழுதினாள். உண்மைதான். ஆனால் அது அத்தாவை முன்னால் தள்ளிவிட்டு அவள் பின்னால் ஒளிந்துகொள்கிற வாக்கியம். அடித்தாள். 'காவலரின் தகுதி சோதிக்கப்படாததால்' என்று எழுதினாள். யார் சோதிக்கவில்லை என்பது அதில் இல்லை. அதையும் அடித்தாள். கடைசியில், 'காவலரை நான் சோதிக்கவில்லை. ஒன்பது நாள் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவர் இருக்கையில் தனியாக உட்கார்ந்து, நடந்ததை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வகுப்பை நிறுத்தியது சரி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் டெஸ்ட் என்ற வார்த்தையை ஏன் எல்லோர் முன்னாலும் சொன்னாள்? தலைவலி என்று சொல்லியிருக்கலாம். குளோரின் ஜாஸ்தி என்று சொல்லியிருக்கலாம். அவர் அவளுடைய தலைக்கு மேலே பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில், தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் தன்னிடம் இருந்ததா? இருந்தது என்றுதான் தோன்றியது. எவ்வளவு என்று அளக்க முடியவில்லை.

வீட்டில் அஜீசுன்னிசா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, பதினொரு மணிக்கே வந்துட்ட? எங்க அவரு?"

"இன்னும் வரலியா?"

அம்ரீன் எல்லாவற்றையும் சொன்னாள். கீரை முறத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா கடைசியில்.

"என்னாம்மா தெரியும்?"

"கல்யாணமான புதுசுல பிச்சாவரம் கூட்டிட்டுப் போனாரு. படகுல ஒக்காந்ததுலேந்து கண்ண மூடிக்கிட்டாரு. ஏதோ ஓதறாரு போலன்னு நானும் சும்மா இருந்தேன். எறங்கிப் பாத்தா என் கையில அவரு நகம் அஞ்சும் பதிஞ்சிருக்கு."

"அப்புறம் ஏம்மா சொல்லல? நான் வேலைக்கிக் கூப்புட்டப்ப பக்கத்துலதானே இருந்த?"

அஜீசுன்னிசா ஒரு காம்பை இரண்டாக ஒடித்தாள்.

"சொல்லியிருக்கணும். அவரு வீட்ட விட்டு வெளிய போனா என் அடுப்படி எனக்குக் கெடைக்கும்னு பாத்தேன். சும்மா விசில் ஊதற வேலதானேன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க புள்ளைங்க இருக்கும்ங்கறதே எனக்குத் தோணல அம்ரீன்."

அவருக்கு மூன்று தடவை போன் செய்தார்கள். அணைத்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டை அம்மா இரண்டுமுறை சூடு செய்தாள். சாயங்கால அசர் தொழுகை நேரம் தாண்டியதும், இருவரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வந்தார். செருப்பில் மணல்.

"எங்க போயிருந்தீங்க?" என்று அஜீசுன்னிசா நேராக அவரிடமே கேட்டாள்.

"தேவனாம்பட்டினம். பீச்சுல ஒக்காந்திருந்தேன். கால்கூட நனைக்கல." நாற்காலியில் உட்கார்ந்து அம்ரீனைப் பார்த்தார். "ஏன் குதிக்காதீங்கன்னு சொன்ன?"

"குதிச்சிருப்பீங்க அத்தா."

"ஆமா. குதிச்சிருப்பேன்."

"ஏன் அத்தா? ஏழடி."

"அத்தன புள்ளைங்க கை தட்டுது. அப்ப ஏழடி பெருசாத் தெரியல." சிரிக்க முயன்றார். வரவில்லை. "கப்பலுக்குப் போகும்போது ட்ரெயினிங்குல லைஃப் ஜாக்கெட்டு போட்டுவிட்டுத் தள்ளுனாங்க. அதோட சரி. கப்பல்ல இருக்கறவன் தண்ணியில எறங்கறதில்லம்மா. எறங்கற நெலம வந்துட்டா அப்புறம் கப்பலே இல்லன்னு அர்த்தம். ஆனா ஊருல எல்லாரும், கடல்ல இருந்தவருன்னாங்க. நானும் இல்லன்னு சொல்லல. இருபத்தாறு வருஷம் சொல்லல."

"என்னாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சிச்சு" என்றாள் அம்ரீன். "தனியாக் கூப்புட்டேன். இன்னும் ஒரு தடவ கூப்புட்டிருக்கணும்."

"கூப்புட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு காயத்ரி. அது விழுந்திருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன்னு பீச்சுல ஒக்காந்து யோசிச்சேன். கம்ப நீட்டியிருப்பேன். எட்டலன்னா? அங்கயே நின்னிருப்பேன். கத்திக்கிட்டு நின்னிருப்பேன். அவ்ளோதான்."

அஜீசுன்னிசா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒங்கிட்ட வர்றவங்களுக்கு முதநாள் என்னா சொல்லித் தருவ?" என்று அவர் அம்ரீனிடம் கேட்டார்.

"மொகத்தத் தண்ணிக்குள்ள வச்சி ஊதச் சொல்லுவேன்."

"அவ்ளோதானா?"

"அதுலயே பாதிப் பேரு நின்னுடுவாங்க அத்தா."

அவர் எழுந்து பரணுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டார். பெருநாளைக்கு எடுக்கிற பிரியாணி தேக்சாவை இறக்கிப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தூசியைத் துடைத்து, குழாயடியில் வைத்து, முக்கால் பங்கு நிரப்பினார். பாத்திரம் என்று வந்துவிட்டால் அவர் கை தடுமாறுவதில்லை.

"ஏங்க, அதுல நான் சமைக்கணும்ங்க" என்றாள் அஜீசுன்னிசா.

"கழுவித் தரேன்."

அவர் மண்டியிட்டு, பாத்திரத்தின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் ஆடி அடங்கியது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்ச அடக்காதீங்க" என்றாள் அம்ரீன். பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆனால் தொடவில்லை. "உள்ள போனதும் வாயால ஊதுங்க. நெறய வேணாம். டீ ஆத்தற மாதிரி."

முதல்தடவை மூக்கு நனைந்ததுமே தலையைத் தூக்கிவிட்டார். இரண்டாவது தடவை முகம் உள்ளே போனது. இருமிக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது.

"ஊதச் சொன்னா இழுக்கறீங்க!" என்றாள் அஜீசுன்னிசா. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வாரம் பூரா எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாரே, அந்த மனுசனா இது?"

"சும்மா இரு. எண்ணத் தெரியுமா ஒனக்கு? எண்ணு."

அவர் மறுபடி குனிந்தார். நெற்றி, கண், காது வரைக்கும் போனது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு அவர் தாடைக்குப் பக்கத்திலிருந்து குமிழிகள் எழுந்து வந்தன.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." அஜீசுன்னிசா கீழே உட்கார்ந்துவிட்டாள். "நாலு."

உள்ளே மேஜைமேல் இருந்த அம்ரீனின் போன் அடித்தது. அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். கோவிந்தசாமி சார்.

"அஞ்சு."

போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. குமிழிகள் நிற்கவில்லை. பாத்திரத்தின் காதுகளைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்று, பிறகு இன்னொன்று, தானாகத் தளர்ந்தது.

"அம்மா, கோவிந்தசாமி சாருதான். எடுக்கட்டுமா?"

"எடுக்காத. நீ பக்கத்துல இரு" என்றாள் அஜீசுன்னிசா, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "ஆறு."